ராகு காலத்தில் வாங்கிய கம்ப்யூட்டர்

முப்பத்தேழு சதவீதம் என்று காட்டியது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தபோதும் முப்பத்தேழு, பால் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தபோதும் முப்பத்தேழு, பின்கதவுத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்து, கேஸ் சிலிண்டரைத் திருகி மூடி, ஆஸ்பத்திரிப் பையில் சீப்பு வைத்தோமா என்று மறுபடியும் துழாவி, வைத்திருக்கிறோம் என்று தெரிந்ததும் அதற்கும் ஓர் எரிச்சல் பட்டு, கூடத்துக்கு வந்து நின்றபோதும் அதே முப்பத்தேழு. நீலத் திரையின் நடுவில் வெள்ளைப் புள்ளிகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வட்டம் போட்டன. அதற்குக் கீழே, கம்ப்யூட்டரை அணைத்துவிடாதீர்கள் என்று ஆங்கிலத்தில் ஓர் உத்தரவு. அணைத்தால் என்ன செய்வாய் என்று சௌந்தரத்துக்குக் கை பரபரத்தது. சுவரில் சுவிட்ச் எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அதற்கும் அவளுக்கும் நடுவில், பிளாஸ்டிக் நாற்காலியில், கறுப்புச் சட்டை மாட்டி, தலை சீவி, கழுத்தில் திட்டுத் திட்டாகப் பவுடர் போட்டு, கிளம்பத் தயாரான மனிதர் மாதிரியே உட்கார்ந்திருந்தார் பகலவன். கிளம்பத்தான் இல்லை. பத்து மணிக்குச் சொன்ன ஆட்டோ பத்துக்கே வந்து வாசலில் நிற்கிறது. பதினொன்றுக்குள் தில்லைநகர் ஆஸ்பத்திரியில் போய் அட்மிட் ஆகவேண்டும். இன்றும் நாளையும் டெஸ்ட்டுகள், திங்கட்கிழமை காலையில் நெஞ்சைத் திறந்து பைபாஸ். இப்படி ஒரு நாளில் விடிந்ததும் விடியாததுமாக எழுந்து உட்கார்ந்து, செத்துப்போன கம்ப்யூட்டருக்குப் புது ஆபரேட்டிங் சிஸ்டம் ஏற்றுகிற ஆம்பளை உலகத்தில் வேறு யாராவது இருப்பானா? இருக்கமாட்டான். அந்த ஒருத்தனைத் தேடிப் பிடித்து எனக்குக் கட்டிவைத்தார் எங்கப்பா என்று நினைத்துக்கொண்டாள். வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று உத்தரவு.

அந்த உத்தரவுதான் அவளை உள்ளுக்குள் இன்னும் வேகவைத்தது. பேஷண்டை டென்ஷன் ஆக்காதீங்கம்மா என்று டாக்டர் சொன்னார். ஆஞ்சியோ படத்தை வெளிச்சத்தில் காட்டி, இங்கே அடைப்பு, இங்கே அடைப்பு, இதோ இது ரொம்ப மோசம் என்று பேனா முனையால் தொட்டுக் காட்டிய கையோடு அவள் பக்கம் திரும்பி அதைச் சொன்னார். என்னவோ அந்த அடைப்பையெல்லாம் அவள்தான் தினம் இட்லியோடு பிசைந்து ஊட்டிவிட்டாள் என்பது மாதிரி. அதே டாக்டர்தான் பொங்கலுக்கு முன்னால் ஒரு தேதி கொடுத்திருந்தார். பொங்கல் போகட்டும் என்றார் இவர். பொங்கலை இவர் என்றைக்குக் கொண்டாடினார்? கரும்பைக் கடிப்பதோடு சரி. இரண்டாவது தேதி கொடுக்கும்போது டாக்டர் சிரிக்கவில்லை. இதையும் தள்ளிப்போட்டா அடுத்த தடவை என்னைப் பார்க்க நடந்து வரமாட்டீங்க, தூக்கிட்டுத்தான் வருவாங்க என்று சொல்லிவிட்டு, மறுபடியும் சௌந்தரத்தைப் பார்த்து, நீங்கதாம்மா கரெக்டாக் கூட்டிட்டு வரணும் என்றார். டென்ஷன் ஆக்காமல் கூட்டிவர வேண்டும். எப்படி? தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வருவதா? மகள் கொடி, முழுப் பெயர் அறிவுக்கொடி, அதுவும் இவர் வைத்ததுதான், புனேயிலிருந்து தினம் போன் செய்து, அம்மா அப்பாவைத் திட்டாதம்மா என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்குவாளாம். அதுவரைக்கும் அம்மா வாயில் துணியை அடைத்துக்கொண்டு இருக்கவேண்டும். நாற்பது வருஷத்துக்கு மேலாகத் திட்டித் திட்டித்தான் இந்த மனிதரைக் குளிக்கவைத்து, சாப்பிடவைத்து, பல் பிடுங்கவைத்து இவ்வளவு தூரம் ஓட்டிவந்திருக்கிறாள். இப்போது, திட்டினால்தான் நகரும் என்கிற வேளையில், திட்டக்கூடாதாம். திட்டாத திட்டெல்லாம் எங்கே போகும்? தொண்டைக்கும் வயிற்றுக்கும் நடுவில் நின்று எரிந்துகொண்டிருந்தது. காலையில் குடித்த காபி வேறு.

அந்தச் சனியனைப் பார்த்தாள். கம்ப்யூட்டரை அவள் அப்படித்தான் குறிப்பிடுவது. பக்கவாட்டுத் தகரத்தைக் கழற்றிப் பல வருஷமாகிறது. உள்ளே ஒயரும் தூசியுமாகக் குடல் தெரியும். சூடாகி நின்றுவிடுகிறது என்று அதற்குள் காற்று அடிக்க ஒரு டேபிள் ஃபேன். அந்த ஃபேன் அவளுடையது, அவள் கட்டில் தலைமாட்டில் இருந்தது. போன சித்திரையில் திருச்சி கொதித்த கொதிப்பில் அவள் ஈரத்துண்டை விரித்துப் படுத்தாள், கூடத்தில் கம்ப்யூட்டருக்கு ஜிலுஜிலுவென்று காற்று. ஸ்டார்ட் பண்ணினால் உடனே வராது, ஒரு தட்டுத் தட்டவேண்டும், அதுவும் மேலே இல்லை, இடது பக்கம், கொஞ்சம் கீழே. தட்டியதும் ஒரு பட்டனை அமுக்கச் சொல்லும். அமுக்கினால் தேதி தப்பாக வரும். அதற்குள் இருக்கும் பட்டன் பேட்டரி செத்துவிட்டதால் ஒவ்வொரு நாளும் அது ஏதோ பழைய வருஷத்து ஜனவரி ஒன்றாம் தேதியில்தான் கண் விழிக்கும். பேட்டரி மாற்றினார், மறுபடியும் அப்படியே. நினைவாற்றல் போதவில்லை என்று எங்கிருந்தோ செகண்ட் ஹேண்டில் ஒரு மெமரிப் பட்டை வாங்கிச் சொருகினார். டெலிபோன் இலாகாவில் முப்பது வருஷத்துக்கு மேல் எக்ஸ்சேஞ்ச் மெஷின்களோடு குப்பை கொட்டியவர், எந்த மெஷினையும் செத்தது என்று ஒப்புக்கொள்ளமாட்டார். உங்கள் சிஸ்டத்துக்கு இனிமேல் பாதுகாப்பு கிடையாது என்று அதுவே ஒரு நாள் எழுதிக் காட்டியது. புதுசுக்கு மாறலாமா என்று இவர் கேட்டதற்கு, இந்தக் கம்ப்யூட்டருக்கு அந்தத் தகுதி இல்லை என்றும் அதுவே எழுதிக் காட்டியது. எவ்வளவு மரியாதையான பதில்! வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். இவர் யூடியூபில் எவனோ ஒருத்தன் வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டி, பேப்பரில் குறித்து, தகுதி இல்லாததற்குத் தகுதி இருப்பதாகப் பொய் சொல்லி உள்ளே நுழைக்கிற ஏதோ வித்தையைக் கற்றுக்கொண்டார். வாழ்நாள் முழுக்கப் பொய் சொல்லாத மனிதர், கடைசியில் ஒரு தகரப் பெட்டிக்காகப் பொய் சொல்கிறார். கடைசியில் என்ற வார்த்தை மனசில் வந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். என்ன கடைசி, அதெல்லாம் ஒன்றும் இல்லை என்று தனக்குத்தானே அதட்டிக்கொண்டாள்.

அது உருப்படாது என்று அவளுக்கு வாங்கிய அன்றைக்கே தெரியும். கொடி காலேஜ் சேர்ந்த வருஷம், ஒரு சனிக்கிழமை, காலை ஒன்பதரை மணி. சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை ராகு காலம். கடைக்காரனே தயங்கினான். சார், பத்தரைக்கு மேல பில் போட்டுறலாமே என்றான் பாவம், நெற்றி நிறைய விபூதியோடு. இவர் மோதிரமில்லாத விரலால் மேஜையைத் தட்டி, இப்பவே போடுங்க என்றார். ஸ்கூட்டரும் அப்படித்தான். அது ஆயுள் முழுக்கச் சாய்த்துப் பிடித்துத்தான் ஸ்டார்ட் ஆகும். இந்த வீட்டுக்குக் குடிவந்ததும் அப்படித்தான். முதல் மழையிலேயே கூடம் ஒழுகியது. யாராவது கேட்டால் ராகுவாவது கேதுவாவது என்று ஒரே ஒரு சிரிப்பு. வேடிக்கை என்னவென்றால் ராகு காலத்தை இவரைவிடச் சரியாகத் தெரிந்துவைத்திருக்கும் ஆள் எந்தக் கோயிலிலும் கிடையாது. பக்தன்கூட காலண்டரைப் பார்க்கவேண்டும். இவர் எந்தக் கிழமையைச் சொன்னாலும் யோசிக்காமல் சொல்லுவார். தவறாமல் மீறவேண்டும் என்றால் தவறாமல் தெரிந்திருக்கவேண்டுமே. கல்யாணமும் அதில்தான். லால்குடியில், வெள்ளிக்கிழமை, பத்தரையிலிருந்து பன்னிரண்டு. பத்திரிகையிலேயே, இராகு காலத்தில் நடைபெறும் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. அவளுடைய அப்பா இவருக்கு ஆபீசில் மூத்தவர், கண்ணியமான பையன், ஒரு பொட்டுத் தங்கம் கேட்கவில்லை என்று மயங்கி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டார். ஐயர் இல்லை, தாலி இல்லை, மேளம் இல்லை. மைக் இருந்தது. மைக்கை விடாமல் பேசினார்கள். ராகு என்பது வெறும் நிழல் என்று ஒருவர் வெகுநேரம் விளக்கினார். சௌந்தரத்துக்குக் கழுத்தில் மாலை கனத்தது, பசியில் கண் இருட்டியது. அம்மா முன்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு உதடு மட்டும் அசைய உட்கார்ந்திருந்தாள், கூட்டம் முடிகிற வரைக்கும் கண்ணைத் திறக்கவில்லை. பெரியத்தை பந்தியில் உட்காராமலே பஸ் ஏறிப் போய்விட்டாள். உறுதிமொழி வாசிக்கச் சொல்லிக் காகிதத்தை நீட்டினார்கள். சௌந்தரவல்லியாகிய நான் என்று ஆரம்பித்ததும் குரல் நடுங்கியது. பக்கத்தில் நின்ற இந்த மனிதர், அப்போது ஒல்லியாக, மீசை கறுப்பாக, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, மெதுவாப் படி, ஒண்ணும் அவசரமில்ல என்றார். ஒன்றும் அவசரமில்லையாம். இப்போதும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார், இவருக்கு எதற்குமே அவசரமில்லை.

வாசலில் ஹாரன் சத்தம். அந்தோணி நல்ல மனிதர், கொடிக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து ஆட்டோ ஓட்டியவர், இன்றைக்கு வேறு சவாரியே எடுக்கமாட்டேன் என்று நேற்றே சொல்லியிருந்தார். சௌந்தரம் வெளியே போய், இன்னும் கொஞ்ச நேரம் அந்தோணி என்றாள். சார் கம்ப்யூட்டர்ல இருக்காரு என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் பாத்ரூமில் இருப்பதாகச் சொன்னாள். ஒண்ணும் அவசரமில்லம்மா என்றார் அவரும். ஊரே சேர்ந்து அவளைப் பைத்தியம் பிடிக்கவைக்கப் பார்த்தது. உள்ளே திரும்பும்போது கடிகாரத்தைப் பார்த்தாள், பத்தரைக்கு அருகில் வந்துவிட்டது. பத்து மணிக்கு ஆட்டோ சொன்னதற்குக் காரணம் டிராஃபிக் என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தாள். பொய். உறையூரிலிருந்து தில்லைநகருக்கு என்ன டிராஃபிக்? இன்றைக்கு வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு முன்னால் வாசற்படியைத் தாண்டிவிட வேண்டும், அதுதான் கணக்கு. இப்படித்தான் இத்தனை வருஷமும் ஓட்டினாள். ராகு காலம் என்ற சொல்லை வாயில் எடுத்ததில்லை. சட்டை இஸ்திரி ஆகவில்லை, பால் பொங்கட்டும், சாவியைக் காணோம், தலை காயவில்லை. கொடி பரீட்சைக்குப் போன நாள்களில் அவளுடைய ரப்பரை, ஹால் டிக்கெட்டை, ஒரு தடவை செருப்பையே ஒளித்துவைத்துத் தேடவிட்டு, நேரம் தாண்டியதும் தானே கண்டுபிடித்துக் கொடுத்தாள். அவருக்குத் தெரியாது. தெரிந்தால் சிரிப்பார். அந்தச் சிரிப்பை மட்டும் அவளால் பொறுக்க முடியாது. கோபப்படுகிறவனோடு சண்டை போடலாம், சிரிக்கிறவனை என்ன செய்வது? இன்றைக்கும் கச்சிதமாகத் திட்டம் போட்டிருந்தாள். அதைக் கெடுத்தது இந்தப் பெட்டி. முப்பத்தெட்டு என்று ஆகியிருந்தது.

எதற்காக இன்றைக்கு, எதற்காக இன்றைக்கு என்று அதுதான் சுற்றிச் சுற்றி வந்தது. நேற்று சாயங்காலமே கேட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சாவகாசமாகச் செய்யக்கூடாதா என்று கேட்டாள். அவர் ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டே, நான் இல்லாதப்போ நீ இதுல கரண்ட் பில் கட்டணும், கொடிகிட்ட முகம் பார்த்துப் பேசணும், பழசாவே இருந்தா பாதியில நின்னுரும், உனக்குச் சிரமம் என்றார். நான் இல்லாதபோது. எப்போது இல்லாதபோது? ஆஸ்பத்திரியில் கிடக்கிற பத்துப் பதினைந்து நாளிலா? அந்த நாள்களில் அவளும் ஆஸ்பத்திரியில்தானே கிடப்பாள், அப்போது யார் இங்கே வந்து கரண்ட் பில் கட்டுவது? அப்படியானால் எந்த இல்லாதபோது? கேட்டிருக்கவேண்டும், கேட்கவில்லை. இட்லிக்கு அரிசி ஊறப்போட வேண்டும் என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். நாளையிலிருந்து இட்லி தின்ன வீட்டில் ஆளே இல்லை என்பது அரிசியைக் களைந்த பிறகுதான் உறைத்தது. அவர் விடவில்லை. பின்னாலேயே வந்து, உனக்கு மறக்காத மாதிரி ஒரு வார்த்தை சொல்லு, பாஸ்வேர்டா வச்சுருவோம் என்றார். சனியன் என்றாள். சரி என்று போய் அதையே வைத்துவிட்டார். சனியன், ஆங்கில எழுத்தில், எல்லாம் சின்ன எழுத்து என்று மறுபடி வந்து சொன்னார், பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்குச் சொல்வது மாதிரி. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இவருக்கு எல்லாவற்றையும் சரிசெய்து வைத்துவிட்டுப் போகவேண்டும். பூட்டுக்கு எண்ணெய் விட்டாயிற்று, குழாய்க்கு வாஷர் போட்டாயிற்று, கேஸ் புக் செய்கிற நம்பரைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியாயிற்று. ஒரு மாசமாக வீட்டில் எது ரிப்பேர் ஆனாலும் பயமாக இருக்கிறது, அதைச் சரிசெய்துவிடுவாரே என்று. எதையாவது பாதியில் விட்டுவிட்டுப் போனால் என்ன? பாதியில் விட்டுவிட்டுப் போகிறவன் முடிக்கத் திரும்பி வருவான். எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் போகிறவனுக்குத் திரும்பி வர என்ன இருக்கிறது?

பத்தரை தாண்டிவிட்டது. கடிகாரம் அடிக்கவில்லை, ஒன்றும் இல்லை, முள் சும்மா நகர்ந்து போயிற்று. இனிப் பன்னிரண்டு வரைக்கும் ராகு காலம். பதினொன்றுக்குப் போகவேண்டிய ஆஸ்பத்திரி. போனால் ராகு காலத்தில் படி தாண்டவேண்டும், போகாவிட்டால் டாக்டர் அவ்வளவுதான் என்பார். இரண்டுக்கும் நடுவில் மாட்டிவிட்டது யார்? இவர். எப்போதும் இவர். அந்த ஆத்திரத்தில், எந்தக் கதவைத் திறக்கக்கூடாதோ அந்தக் கதவு திறந்துகொண்டது. கொடிக்கு முன்னால் ஒரு பையன். பெயர்கூட வைக்கவில்லை. எட்டு நாள் இருந்தான், மஞ்சளாகிக்கொண்டே போனான், போய்விட்டான். ரத்தம் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள், இப்போதென்றால் காப்பாற்றிவிடலாம் என்று பிற்பாடு யாரோ சொன்னார்கள். இவர் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போனார், கையைக் கழுவிவிட்டு வந்தார், அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ரத்தம் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் சொன்னதை விவரமாக எடுத்துச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். உள்ளே மட்டும், வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு என்று ஒரு குரல் சொன்னது. பத்திரிகையில் கொட்டை எழுத்தில் அடித்தாயே என்று சொன்னது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே என்று சொன்னது. அதை அவரிடம் அவள் ஒருநாளும் சொன்னதில்லை. எந்தச் சண்டையிலும், வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டிய சண்டைகளில்கூட, அதை மட்டும் எடுக்கவில்லை. எடுத்தால் அவர் சிரிக்கமாட்டார் என்று தெரியும், அதனாலேயே எடுக்கவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை. ஸ்கூட்டர் நின்றபோதெல்லாம், கூடம் ஒழுகியபோதெல்லாம், இந்தக் கம்ப்யூட்டர் கீச்சென்று கத்திவிட்டு அணைந்தபோதெல்லாம், பார்த்தாயா பார்த்தாயா என்று உள்ளுக்குள் அவளுக்கு ஒரு கசப்பான திருப்தி. ஆஞ்சியோ படத்தை டாக்டர் தூக்கிப் பிடித்தபோதும் அதே குரல்தான் முதலில் வந்தது, பார்த்தாயா என்று. வந்ததும் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

திரை சட்டென்று கறுத்தது. ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. அவர் முன்னால் குனிந்தார், அவளும் தன்னை அறியாமல் குனிந்தாள். போச்சு என்று நினைத்தாள். இவ்வளவு நேரம் எதைச் சபித்துக்கொண்டிருந்தாளோ அதையே, வந்துரு, வந்துரு என்று கெஞ்சத் தோன்றியது. கறுப்புத் திரையில் அவர்கள் இரண்டு பேர் முகமும் தெரிந்தன, அவர் முகம் முன்னால், அவள் முகம் அவர் தோளுக்கு மேல். எவ்வளவு வயதாகிவிட்டது இரண்டு பேருக்கும். அவர் கையை நீட்டி, இடது பக்கம் கொஞ்சம் கீழே, லேசாகத் தட்டினார். ஒன்றுமில்லை. பிறகு உள்ளே ஏதோ உறுமியது, நீலம் வந்தது, புள்ளிகள் வந்தன. நாற்பத்தொன்று. ரீஸ்டார்ட் ஆகுது, இனிமே தானா ஓடும் என்றார், அவளைப் பார்க்காமல். தானாக ஓடும் என்று அவர் வாயாலேயே சொன்னதும் அவளுக்குள் ஏதோ ஒன்று தெறித்தது. ராகுவாவது கேதுவாவது, டாக்டர் உத்தரவாவது, போதும்.

"தானா ஓடும்ல? ஓடட்டும். எந்திரிங்க. மணி பதினொண்ணு ஆகப்போகுது."

அவர் அசையவில்லை. பன்னண்டுக்கு மேல போலாமே என்றார்.

"பன்னண்டுக்கு இது முடிஞ்சுருமா?"

"இதுக்காக இல்ல."

"பின்ன எதுக்கு?"

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். புள்ளிகள் சுற்றின. மெதுவாகச் சொன்னார்.

"ராகு காலம் போயிரட்டுமே, சௌந்தரம்."

முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் வந்தது கோபம்தான், இத்தனை நேரம் வந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்கிற மாதிரிக் கோபம். இப்போதா? இப்போதா சொல்கிறாய்? கல்யாணக் கூடம் முழுக்கச் சொந்தக்காரர்கள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த அன்றைக்குச் சொல்லியிருக்கக்கூடாதா? அம்மா உயிரோடு இருந்தபோது, ஒரே ஒரு தடவை, ஒரு நல்ல நாளுக்காவது சொல்லியிருக்கக்கூடாதா? செருப்பை ஒளித்துவைத்தேனே, ரப்பரை ஒளித்துவைத்தேனே, திருடி மாதிரி என் வீட்டிலேயே நேரத்தைத் திருடித் திருடி வைத்தேனே, அத்தனையும் எதற்கு? உனக்காகத்தான் சொல்றேன், இப்பக் கிளம்பினா உனக்கு மனசு சங்கடப்படுமேன்னுதான் என்று அவர் முணுமுணுத்தார். அப்படியும் இருக்கலாமோ என்று ஒரு கணம் யோசித்தாள். அப்போதுதான் அவருடைய வலது கையைப் பார்த்தாள். அது மவுசின் மேல் இருந்தது. மவுசுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, காலையிலிருந்தே இல்லை, அது தானாக ஓடுகிற சமாச்சாரம். அவர் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார், விரல் நகமெல்லாம் வெளுக்கிற அளவுக்குப் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் அந்தக் கையைத் தொட்டாள். ஃபேன் காற்றில் இருந்தும் ஈரமாக, சில்லென்று இருந்தது. காலையிலிருந்து இப்படியே உட்கார்ந்திருக்கிறார். இவருக்குப் பயம். ராகுவைக் கண்டும் பயமில்லை கேதுவைக் கண்டும் பயமில்லை, திங்கட்கிழமையைக் கண்டு பயம். எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் கையில் கிடைத்ததையெல்லாம் பிடித்துப் பார்க்கிறார், மவுசை, ராகு காலத்தை, எதையோ. அவள் கோபம் எங்கும் போகவில்லை. அந்தக் கோபத்துக்குள்ளேயே அவளுக்கு அழுகை முட்டியது. சரி, பன்னிரண்டுக்கு மேல் போகலாம் என்று சொல்ல வாயெடுத்தாள். நாற்பது வருஷமாக அவள் கேட்க நினைத்த வார்த்தை, அதை ஒப்புக்கொண்டால் என்ன? ஆனால் பன்னிரண்டுக்கு மேல் போனால் இவர் இதை நம்பிக்கொண்டு போவார். நம்பிக்கொண்டு போய் மேஜையில் படுத்து, மயக்க மருந்து ஏறுகிற வரைக்கும், நாம் கடைசியில் பயந்துபோனோம் என்பதை நினைத்துக்கொண்டே படுத்திருப்பார். அப்படி இவரை அனுப்ப அவளால் முடியாது. இவர் சிரித்துக்கொண்டு போகவேண்டும்.

மவுசிலிருந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.

"நம்ம கல்யாணமே வெள்ளிக்கிழமை ராகு காலத்துலதான் நடந்துச்சு. ஒண்ணும் கெட்டுப்போயிரல. எந்திரிங்க."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். எட்டு நாள் பையனை அவரும் மறந்திருக்கவில்லை என்பது அந்தப் பார்வையில் அவளுக்குத் தெரிந்தது, இத்தனை வருஷமாக அவள் மனசில் என்ன இருந்தது என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது என்பதும். அவள் கண்ணை எடுக்கவில்லை. ஒண்ணும் கெட்டுப்போயிரல என்று இன்னொரு தடவை, அதட்டிச் சொன்னாள். அவர் முகத்தில் மெதுவாக அந்தப் பழைய சிரிப்பு வந்தது, முழுசாக இல்லை, ஓரத்தில் கொஞ்சம். ராகுவாவது, என்று ஆரம்பித்து, முடிக்காமல், மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இன்னொரு கையால் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். வாசற்படியில் அவர் நின்று, கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தார். பாதியில விட்டுட்டுப் போறோமே என்றார். இருக்கட்டும், வந்து முடிங்க என்றாள். கூடத்தில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, நாற்பத்திரண்டு என்று காட்டியது. அதை அணைக்காமலே கதவைப் பூட்டினாள்.